வெள்ளை அட்டையில் ரெண்டு ஓட்டை

இண்டைக்கு எங்கட பிஸ்டல் கிளப்புக்குப் பக்கத்து ஊர் டார்னெய்ட்டில இருந்து ஒரு தமிழ்நாட்டுத் தம்பி வந்தார். பேர் கார்த்திக். போன மாதம் அவற்ர வீட்டை உடைச்சுக் களவெடுத்திட்டாங்களாம்.

"அக்கா, போட்டிக்குச் சுடக் கத்துக்கிட்டா, திருடன் வந்தா சமாளிச்சிடலாம்ல?"

நான் பத்து வருசமாப் போட்டிகளில சுடுறன். புதுசா வாறவைக்குப் பழக்குறதும் நான்தான். "தற்பாதுகாப்புக்கு எண்டு சொன்னா இந்த நாட்டில லைசென்ஸே தரமாட்டினம்" எண்டன். அவர் நம்பாமல் சிரிச்சார்.

சரி, சுட்டுப் பாக்கட்டும் எண்டு பக்கத்தில நிண்டன். குறி பாத்துச் சுட ரெண்டு மண்ணிற அட்டை, நடுவில ஒரு வெள்ளை அட்டை. "மண்ணிறம் சுட வேண்டிய ஆள், வெள்ளை அப்பாவி ஆள். அதில படக்கூடாது."

ஆறுதலாச் சுடேக்க எல்லாம் சரியாப் பட்டுது. பிறகு டைமரை அமத்தினன். பீப் கேட்டதும் மனுசன் பதறிச் சுட்டார். வெள்ளையில ரெண்டு ஓட்டை.

துவக்கைக் கீழ வைச்சார்.

"அக்கா, எங்க வீட்ல ஹாலுக்கு நேரா பொண்ணோட ரூம்."

"தம்பி, நான் நல்லாச் சுடுவன். ஆனா போட்டியில இந்த அட்டையள் எங்க நிக்குது எண்டு முதலே நடந்து பாத்திட்டுத்தான் சுடுறன். வீட்டில என்ர துவக்கு ஒரு பூட்டுக்குள்ள, குண்டு இன்னொரு பூட்டுக்குள்ள. கள்ளன் வந்தா நானும் போலீசுக்குத்தான் கோல் எடுப்பன்."

போகேக்க கிளப்பில சேர்ற படிவத்தைக் கேட்டு வாங்கினார். காரணம் எண்ட இடத்தில 'விளையாட்டு' எண்டு தானாவே எழுதினார்.

டார்னெய்ட் பக்கம் தம்பி வீட்டுக் கதவுக்கு நல்ல பூட்டுப் போடுற ஆள் ஆரும் இருந்தாச் சொல்லுங்கோ. சுடுறதில எனக்கு மெடல் இருக்கு, பூட்டுப் போடுறதில ஒண்டும் இல்லை.