அடுக்களைத் தரையும் மூன்று கொள்ளாமும்

எங்கள் அடுக்களைத் தரை சிவப்பு. வீடு கட்டியபோது சிமெண்டில் ஆக்சைடு கலந்து இழைத்தது. பால் காய்ச்சியது ஒரு தை மாதம். அந்தத் தையிலிருந்து எண்ணினால் முப்பத்தெட்டு ஆண்டுகள் முடிந்து சில மாதங்கள் ஆகின்றன. எனக்கு இப்படி எண்ணும் பழக்கம் உண்டு. நாட்குறிப்பில் ஆங்கிலத் தேதிக்குக் கீழே கொல்லம் ஆண்டையும் தமிழ் மாதத்தையும் எழுதுகிறவன் நான். தரையில் முதல் வெடிப்பு எந்த மழையில் விழுந்தது, வாசலில் தொடங்கிய அது எப்போது அடுப்பு மேடைவரை போய்ச் சேர்ந்தது என்பதற்கெல்லாம் என்னிடம் குறிப்பு இருக்கிறது. யாருக்கும் தேவைப்படாத குறிப்புகள்.

இந்த ஆண்டு எனக்கே தேவைப்பட்டன. தரையை மாற்றுவதா, இருப்பதை வைத்துக்கொள்வதா என்று மாதக்கணக்கில் பேச்சு. அந்தப் பேச்சுக்குள் இன்னொரு கேள்வியும் இருந்தது. என் மனைவி இனியும் தனியாக அடுக்களையில் நிற்கலாமா?

சர்க்கரை அவள் கண்ணுக்குப் போய்விட்டது. வலது கண்ணில் ஒன்றும் தெரியாது. இடது கண்ணில் வெளிச்சமும் ஆள் நிழலும் தெரியும். நாகர்கோவிலில் காட்டினோம், மதுரைக்கும் போய் வந்தோம். மிச்சத்தைக் காப்பாற்றலாம், போனது போனதுதான் என்றார்கள். அதற்குப் பிறகும் சமையல் அவளுடையதாகவே இருந்தது. மீனைக் கழுவிக் கொடுக்க என்னை விடுவாள். அடுப்புப் பக்கம் போனால் விரட்டிவிடுவாள்.

புரட்டாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை அவள் விழுந்தாள். இடது மணிக்கட்டில் ஆறு வாரம் கட்டு. "அடுக்களையில் வழுக்கி விழுந்தாள். தரை ஈரம்" என்று அன்று எழுதினேன். துபாயில் இருக்கும் மகனிடமும் அதையே போனில் சொன்னேன்.

"அந்தத் தரைய இன்னும் என்னத்துக்கு வச்சிட்டு இருக்கிய? வழுக்காத டைல்ஸ் இருக்குல்லா. இன்னொருக்கா விழுந்து இடுப்பு முறிஞ்சா யாருப்பா பாக்கது? தரைய மாத்துங்க, இல்லன்னா சமையலுக்கு ஒரு ஆள வையுங்க. ரெண்டுல ஒண்ணு" என்றான்.

போன் ஸ்பீக்கரில் இருந்தது. சமையலுக்கு ஆள் என்றதும் அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். ஆகவே தரைதான் என்று நான் முடிவு செய்தேன்.

ஐப்பசி முழுவதும் டைல்ஸ் கடைகளில் போயிற்று. தக்கலை, திங்கள்சந்தை, நாகர்கோவில். எல்லாக் கடையிலும் ஒரே பளபளப்பு, ஒரே மின்விசிறிக் காற்று. மூன்றாவது கடையில் எதைப் பார்த்தோம் என்பதே மறந்துவிடும். கடைசியில் சாம்பல் நிறத்தில், பரப்பு சற்றே நெருடும் ஒன்றை மாதிரிக்கு வாங்கி வந்து அவள் கையில் கொடுத்தேன். கட்டைவிரலால் ஒருமுறை தேய்த்தாள்.

"கொள்ளாம்" என்றாள்.

எங்கள் பக்கத்தில் நன்றாக இருக்கிறது என்பதற்கு அதுதான் சொல். எழுதி வைத்தேன். கொத்தனார் வரும் நாளைச் சொன்னபோதும் கொள்ளாம் என்றாள். டைல்ஸ் பெட்டிகள் வந்து முன்னறையில் அடுக்கப்பட்டபோதும் அதையே சொன்னாள். மூன்றையும் அந்தந்தத் தேதியில் குறித்திருக்கிறேன்.

கொத்தனார் கார்த்திகையில் வந்தார். இந்த வீட்டுச் சில்லறை வேலைகளை இருபது வருடமாகப் பார்க்கிறவர். சுத்தியல் பிடியால் தரையைத் தட்டிக்கொண்டே போனார். பாத்திரம் கழுவும் தொட்டிக்கு முன்னால் தண்ணீர் தேங்கும் குழியருகே சத்தம் பொள்ளலாகக் கேட்டது.

"உள்ள மண்ணு தாந்திருக்கு சார்" என்றவர், அடுப்பருகே நின்றிருந்த அவளிடம் கேட்டார். "நாளைக்கு ஒடைக்கத் தொடங்கட்டா அக்கா?"

"கொள்ளாம். ஒடையுங்க. அப்பறம் என்னையும் ஒரு மூலையில கசேரி போட்டு இருத்துங்க."

கொத்தனார் சுத்தியலைக் கீழே வைத்தார். "அக்காவுக்குச் சம்மதம் இல்லியா சார்?"

"மூணு தடவ கொள்ளாம்னு சொன்னாளே."

"எப்பிடிச் சொன்னாவ? இப்பச் சொன்ன மாதிரியா?"

நான் அவள் பக்கம் திரும்பினேன்.

"எங்க வீட்டுல அந்தச் சொல்ல இப்பிடி இழுத்துச் சொன்னா எனக்கு அன்னைக்குச் சோறு கடையிலதான்" என்றார்.

அவள்கூடச் சிரித்துவிட்டாள். குறுக்கிச் சொன்னால் அது மெய்யான பாராட்டு. சற்றே இழுத்துச் சொன்னால், நீ செய்கிற காரியம் அழகாகத்தான் இருக்கிறது என்று பொருள். பிறந்ததிலிருந்து கேட்கிற சொல் இது. நான் சொல்லை எழுதினேன், இழுப்பை எழுதவில்லை.

"பின்ன ஏன் வாயத் தொறந்து சொல்லல்ல?" என்று, கொத்தனார் பீடி பற்றவைக்க வெளியே போனதும் அவளிடம் கேட்டேன்.

"கடகடயா அலஞ்சிய. என்னத்தச் சொல்ல?" கரண்டியை வைத்துவிட்டு அடுப்படியிலிருந்து வாசல்வரை நடந்து திரும்பினாள். "வாசல்லேருந்து இந்த வெடிப்புல கால வச்சா நேரா அடுப்பு. சொரசொரன்னு வந்தா அடுப்பு முன்னால நிக்கேன். டைல்ஸ்ல எங்க கால வச்சாலும் ஒண்ணுபோலத்தானே இருக்கும். அப்பறம் நான் எப்பிடிச் சமைக்கது?"

"வழுக்கி விழுந்தியே."

"எங்க வழுக்குனேன்? தரையத் தொடச்சிட்டு வாளிய வழியில வச்சிட்டுப் போனிய. அதுல முட்டி விழுந்தேன். அத எழுதுனியளா?"

எழுதவில்லை.

குழியை மட்டும் அடைத்தால் போதும் என்று முடிவாயிற்று. "குழி இல்லாட்டியும் தொட்டி எனக்குத் தண்ணிச் சத்தத்துலயே தெரியும்" என்று அவளே ஒப்புக்கொண்டாள். மறுநாள் பிற்பகல் கொத்தனார் வேலை செய்துகொண்டிருக்க, நான் முன்னறையில் டைல்ஸ் பெட்டிமேல் உட்கார்ந்து மகனுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். அவன் கோபப்பட்டான். அவன் சொன்னதில் தவறும் இல்லை. மண் தாழ்ந்த தரை எத்தனை நாள் நிற்கும்? அடுத்த மழை வரட்டும், பார்க்கலாம் என்றேன். களைப்பாக இருந்தது.

கொத்தனார் போன பிறகு, சாயங்காலம் காப்பி போட அவள் உள்ளே போனாள். இரண்டு எட்டு வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"வெடிப்பு எங்க?"

மிஞ்சிய சிமெண்டை வீணாக்காமல் கொத்தனார் வெடிப்பையும் அடைத்து இழைத்துவிட்டுப் போயிருந்தார். நல்ல எண்ணத்தில்தான். வெடிப்பைத் தொட வேண்டாம் என்று அவரிடம் சொல்லி வைக்க மறந்தது நான். அவள் கையை முன்னால் நீட்டியபடி நின்றாள். இந்த வீட்டில் அவள் அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

திருப்புளியை எடுத்துக்கொண்டு முழங்கால் போட்டு உட்கார்ந்தேன். சிமெண்ட் இன்னும் இறுகவில்லை. வாசலிலிருந்து தோண்டத் தொடங்கினேன். எனக்கும் எழுபது நெருங்குகிறது. ஒவ்வொரு சாணுக்கும் ஒருமுறை சுவரில் சாய வேண்டியிருந்தது.

"பைய. ஓரம் பேந்திராம" என்றாள் அவள், நிலைப்படியைப் பிடித்தபடி.

அடுப்புக்கு ஒரு முழம் இருக்கையில் சிமெண்ட் இறுகிவிட்டது. அதற்குமேல் திருப்புளி ஏறவில்லை. தூளைத் துடைத்துவிட்டு ஒதுங்கினேன். அவள் பெருவிரலால் தடவித் தடவி நடந்தாள். வெடிப்பு நின்ற இடத்தில் நின்றாள். கையை நீட்டினாள். மேடை எட்டியது.

"கொள்ளாம்" என்றாள். குறுக்கித்தான் சொன்னாள்.

டைல்ஸ் பெட்டிகள் இன்னும் முன்னறையில்தான் இருக்கின்றன. அடுத்த மழையில் தரை எங்கே தாழும் என்று தெரியாது. அப்போது மறுபடியும் இதே பேச்சு வரும், நான் மறுபடியும் கடைகடையாக நடக்க வேண்டியிருக்கும். இப்போதைக்கு அவள் சமைக்கிறாள். வாளியைப் புறவாசலில் வைக்கிறேன். புரட்டாசிக் குறிப்பை எடுத்து, "வழுக்கி" என்பதை அடித்துவிட்டு, "வாளியில் முட்டி. வாளியை வைத்தது நான்" என்று எழுதித் திருத்திய தேதியையும் போட்டிருக்கிறேன்.