ஊமை வாரம்

ஒரு வாரம் நான் வாயாடி, மறு வாரம் ஊமை. பள்ளிக்கூடத்து டீச்சரம்மாவுக்கு இது விளங்கவே இல்லை. வாய்ப்பாட்டை எல்லோருக்கும் முந்திக்கொண்டு ஒப்பிக்கிற பெண், அடுத்த வாரம் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் வாயைத் திறக்காமல் முழிக்கிறாள் என்றால் யாருக்குத்தான் விளங்கும்? காற்றுக் கறுப்பு என்றார்கள் சிலர். தொண்டையில் கட்டி என்றார்கள் சிலர். ஒருவருக்காவது என் அப்பாவின் ஷிப்ட் நினைவுக்கு வரவில்லை. அவருக்கு ஒரு வாரம் பகல் ஷிப்ட், மறு வாரம் ராத்திரி ஷிப்ட். பகலில் அவர் பூமிக்கடியில் இருக்கிற வாரங்களில்தான் நான் ஊமை.

இன்றைக்கு என் வாயை எப்படி மூடுவது என்று தெரியாமல் தவிக்கிற என் வீட்டார் இதை நம்பமாட்டார்கள். ஆனாலும் நடந்தது இதுதான்.

நாங்கள் அப்போது சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தில், கூலியாட்களின் வரிசை வீடுகளான கூலி லைனில் இருந்தோம். சுற்றிலும் மூங்கில் தட்டி, மேலே தகரம். ஒரு வீட்டில் மிளகாய் தாளித்தால் லைன் முழுக்கத் தும்மும். எல்லோரும் வேலூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். சுரங்கம் எங்களுக்குப் புதிது. பயங்கள் மட்டும் பழையவை. அவற்றை ஊரிலிருந்தே மூட்டை கட்டிக்கொண்டு வந்திருந்தோம். ஷிப்டுக்குப் புறப்பட்டவரைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது என்பது அவற்றில் பெரியது. தப்பித் தவறிக் கூப்பிட்டுவிட்டால் அதற்குப் பரிகாரமும் இருந்தது. போனவர் திரும்பி வந்து, உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி புறப்பட வேண்டும். அப்படிச் செய்தால் வந்தது விலகிவிடும் என்று நம்பிக்கை.

ஒரு நாள் காலையில் அப்பா களி போட்ட தூக்குச் சட்டியை மறந்துவிட்டுப் போனார். நான் தெருவுக்கு ஓடி, தொண்டை கிழியக் கத்தினேன்.

"நைனா! தூக்கு!"

தெருவில் நடந்துகொண்டிருந்தவர்கள் எல்லோரும் நின்றார்கள். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அப்பா திரும்பி வந்து வாசலில் உட்கார்ந்தார், தண்ணீர் குடித்தார், தூக்கை வாங்கிக்கொண்டு போனார். அதற்குள், ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்குகிற கூண்டு, அவர் போக வேண்டிய கேஜ், இறங்கிவிட்டது. அவரோடு ஜோடியாகப் பாறையில் துளை போடுகிற பக்கத்து வீட்டுப் பெரியப்பா முன்னாலேயே அதில் போய்விட்டார். அப்பா அடுத்த கேஜுக்காகக் காத்திருந்தார்.

அன்று வேளை கெட்ட வேளையில் சங்கு ஊதியது. பெண்கள் எல்லோரும் போட்டது போட்டபடி, சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாப்டின் வாசலுக்கு ஓடினார்கள். பெரியப்பாவைக் கோணிச் சாக்கில் கிடத்தி மேலே கொண்டுவந்தார்கள். அப்பா பின்னால் நடந்து வந்தார், உடம்பில் ஒரு கீறல் இல்லாமல். பெரியப்பாவின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பெரியம்மா, எங்கள் வாசலில் நின்று அம்மாவைப் பார்த்துச் சொன்னாள்: "உன் பொண்ணு கூப்ட்டா. உன் ஊட்டுக்காரரு ஒக்காந்து தண்ணி குடிச்சிட்டுப் போனாரு. அவருக்கு வந்தது எங்க ஊட்டு மேல வுழுந்துச்சு."

அம்மா பதில் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். இத்தனை வயதுக்குப் பிறகும் அந்த இடத்தில் எனக்கு அம்மாமேல் கோபம்தான். அவள் புடவைக்குப் பின்னால் நின்றிருந்த நான், பெரியப்பாவின் காலை என் வாய்தான் தின்றுவிட்டது என்று அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டேன்.

பிறகு புளிப் பானையிலிருந்து ஒரு கொட்டையை எடுத்தேன். பகல் ஷிப்டுக்கு அப்பா வாசல் தாண்டும்போது அதை வாயில் போட்டால், சாயங்காலம் அவர் வந்து தொப்பியைக் கழற்றும்போதுதான் துப்புவேன். ராத்திரி ஷிப்ட் வாரம் சுலபம். விளக்கை அணைத்ததும் வாயை மூடிக்கொண்டு படுத்தால் போதும். முதல் நாள் அப்பா நல்லபடியாக வந்தார். மறுநாளும் வந்தார். இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? அப்பா மட்டுமல்ல, அந்த ஷாப்டில் இறங்கிய அத்தனை பேரும் உயிரோடு மேலே வருவது என் புளியங்கொட்டையால்தான் என்று எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

ஒரு நாள் ஓர் ஆடு என் பையை இழுத்துக்கொண்டு ஓடியபோது "ஐயையோ" என்று அலறிவிட்டேன். கொட்டை மண்ணில் விழுந்தது. சாயங்காலம் அப்பா தன் பாட்டுக்கு வந்து களி தின்றார். அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. அலறியதிலிருந்து சாயங்காலம் வரை நாக்கைக் கடித்துக்கொண்டிருந்தேனே, அதனால்தான் தப்பினார் என்று வைத்துக்கொண்டேன். எப்படி நடந்தாலும் கொட்டைதான் ஜெயித்தது.

துணி துவைக்கும்போது என் பாவாடை முடிச்சில் கொட்டைகள் இருப்பதை அம்மா கண்டுபிடித்தாள். அதட்டிக் கேட்டதில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அடி விழும் என்று முதுகைக் குறுக்கிக்கொண்டேன், விழவில்லை. அடுத்த பகல் ஷிப்ட் வாரம் தொடங்கிய காலையில், கழுவித் துடைத்த ஒரு கொட்டையை அம்மாவே என் உள்ளங்கையில் வைத்தாள். அவளுக்கும் அப்பா வேண்டுமே!

இப்படியே போயிருக்கும். டீச்சரம்மாதான் குறுக்கே வந்தாள். பிள்ளைகள் படிப்பதைக் கேட்க வெள்ளைக்கார துரைசானி ஒருத்தி வரப்போகிறாள், ஒவ்வொருவரும் எழுந்து நின்று வாய்விட்டு வாசிக்க வேண்டும், வாசிக்காதவர்களுக்கு இனி இடமில்லை என்று அறிவித்தாள். சொல்லும்போது என்னைத்தான் பார்த்தாள். துரைசானி வருவது அடுத்த வெள்ளிக்கிழமை. விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். அது பகல் ஷிப்ட் வாரம்.

எனக்குப் படிப்பு என்றால் உயிர். எழுத்துகளைக் கூட்டி ஒரு சொல் கிடைக்கும்போது வாயில் வெல்லம் கரைகிற மாதிரி இருக்கும். பள்ளிக்கூடம் கைவிட்டுப் போனால் அடுத்தது என்ன என்பதும் எனக்குத் தெரியும். தங்கக் கல் அரைக்கிற மில்லுக்கு வெளியே வெயிலில் உட்கார்ந்து கல் பொறுக்குகிற பெண்களோடு நானும் உட்கார வேண்டியதுதான். அப்பாவா, பள்ளிக்கூடமா? மனசுக்குள் ஓயாமல் இதே சண்டை. இரண்டையும் விடமாட்டேன் என்று ஒரு நாள் எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடு நேரே பக்கத்து வீட்டுக்குப் போனேன். அது ராத்திரி ஷிப்ட் வாரம்; வாய் திறந்திருந்தது.

பெரியப்பா கட்டிலில் உட்கார்ந்து ஊன்றுகோலின் முனைக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தார்.

"பெரியப்பா, உன் காலு என்னாலதான் போச்சா?"

அவர் முதலில் சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

"யாரு சொன்னது? முந்தின ஷிப்ட்ல வெச்ச மருந்து வெடிக்காம ஓட்டையிலயே இருந்துச்சு. அது தெரியாம அதுலயே நான் கம்பிய வெச்சு அடிச்சேன். மேஸ்திரியும் பாக்கல, நானும் பாக்கல. நீ கூப்ட்டது அவ்ளோ ஆழத்துக்கு வந்து அந்த மருந்துக்குக் கேட்டுச்சா இன்னா?"

உள்ளே பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றது. பெரியம்மா வாசற்படியில் வந்து நின்றாள். "நான் அன்னைக்குப் பேசினது ஒரு பேச்சா?" என்றாள். "வயிறு எரிஞ்சா வாய் இன்னா வோணா சொல்லும். நீ அதை இன்னும் புட்ச்சிக்கினு கீறியா?" பிறகு அவளே அழுதாள்.

வீட்டுக்கு நடந்து வரும்போது, அதுவரை ஒருமுறைகூட நினைக்காத ஒன்றை நினைத்தேன். அன்றைக்குப் பெரியப்பாவை யாரும் பின்னால் கூப்பிடவில்லை. பெரியம்மா எலுமிச்சம்பழம் சுற்றிப்போட்டுத்தான் தினமும் அனுப்புவாள். நான் கூப்பிட்ட ஆள் நடந்து வந்தார். யாரும் கூப்பிடாத ஆளுக்குக் கால் போனது. அப்படியானால் தினமும் கூப்பிடுவதுதான் நல்லதோ என்று உடனே இன்னொரு பைத்தியம் தலைதூக்கியது. அதன் தலையிலும் தட்டி உட்காரவைத்தேன். அந்த மருந்துக்கு எலுமிச்சம்பழமும் தெரியாது, என்னையும் தெரியாது.

ஆனால் புத்திக்குத் தெரிந்தது வயிற்றுக்குத் தெரியவில்லை. புளிப் பானையைப் பார்த்தாலே கை போனது. சும்மா வாய் திறந்து பேசினால் மட்டும் இது தீராது, எது பயமோ அதையே செய்தால்தான் தீரும் என்று தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அப்பாவின் முன்னால் போய் நின்று, கொட்டைக் கதை முழுவதையும் சொன்னேன். கடைசியில், "நாளைக்கு நீ போறப்ப நான் பின்னாடி கூப்புடப் போறேன் நைனா" என்றேன்.

"இன்னாடி பேசற நீ!" என்று அம்மா பாய்ந்து வந்தாள்.

அப்பா சுருட்டைக் கீழே வைத்தார். தாடையைச் சொறிந்தார். அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"கூப்டு. நான் திரும்ப மாட்டேன்."

திங்கட்கிழமை காலையில் அவர் வாசல் தாண்டினார். நான் வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. தெருக்கோடிக்குப் போய்விடுவாரே என்று பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி முயன்றேன்.

"நைனா!"

லைன் முழுவதும் எட்டிப் பார்த்தது. அப்பாவின் முதுகு நின்றது. ஒரு கையை மட்டும் தூக்கிக் காட்டிவிட்டு, திரும்பாமல் நடந்தார். அம்மா என் வாயைப் பொத்த வந்தாள். நான் அவள் கைக்குக் கீழே நுழைந்து தெரு மூலை வரைக்கும் ஓடிப் பார்த்தேன். துவைக்கிற கல்லில் அப்பா உட்கார்ந்திருந்தார். தண்ணீர்ப் புட்டியின் தக்கையைப் பிடுங்கி ஒரு வாய் குடித்தார். தக்கையை அழுத்தி மூடிவிட்டு எழுந்து போனார்.

அன்று பள்ளிக்கூடத்தில் கேட்டதற்கும் கேட்காததற்கும் பதில் சொன்னேன். டீச்சரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள். சாயங்காலச் சங்கு ஊதி ஆட்கள் வந்தார்கள். அப்பா வரவில்லை. தங்கத்தை ஒளித்துக்கொண்டு போகிறார்களா என்று சோதனைக் கொட்டகையில் சிலரை நிறுத்திவைப்பது வழக்கம்தான். தெரிந்தும் மூலைக்கும் வாசலுக்குமாக நடந்தேன். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் வாயை மூடவில்லை. வேண்டுமென்றே எதிரில் வந்த எல்லோரிடமும் எதையாவது பேசிக்கொண்டு நின்றேன்.

கடைசியில் அவர் வந்தார், மண்ணும் வியர்வையுமாக.

"நைனா, நான் நாள் பூரா பேசினேன்."

"கேட்டுச்சு, கேட்டுச்சு" என்று சொல்லித் தொப்பியைக் கழற்றினார்.

மறுநாளும் கூப்பிட்டேன், அதற்கு மறுநாளும். லைன்காரர்கள் முணுமுணுத்தார்கள். அம்மா காதைப் பொத்திக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்தாள்; ஆனால் கொட்டையை எடுத்து நீட்டவில்லை. ஒவ்வொரு நாளும் என் குரல் கொஞ்சம் தெளிந்தது. ஒவ்வொரு நாளும் மூலைக்கு ஓடினேன். அப்பா திரும்பாமல் போய், அந்தக் கல்லில் உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் புறப்பட்டார். எனக்கு அது வேறொன்றாகத் தோன்றவே இல்லை. காலையிலேயே இந்த மனுஷனுக்கு இவ்வளவு தாகமா என்றுதான் நினைத்தேன். அதனால் புட்டியைக் கழுத்துவரை நிரப்பிக் கொடுக்கத் தொடங்கினேன்.

வெள்ளிக்கிழமை துரைசானிக்கு முன்னால் எழுந்து நின்று ஒரு பக்கம் முழுவதையும் தடுமாறாமல் வாசித்தேன். என் இடம் எனக்கே நிலைத்தது. ஆனால் அந்த நாளை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது காலைதான்.

அன்றும் கூப்பிட்டேன். அன்றும் ஓடிப்போய் மூலையில் நின்றேன். அப்பா கல்லுக்குப் பக்கத்தில் வந்ததும் நடை தளர்ந்தது. புட்டியின்மேல் கை போனது. அப்படியே சற்று நேரம் நின்றார். பிறகு கையை எடுத்துவிட்டு, உட்காராமல், குடிக்காமல், ஷாப்டைப் பார்த்து விறுவிறுவென்று நடந்தார்.

கழுத்துவரை நிரப்பிக் கொடுத்த தண்ணீரைத் தொடாமல் போகிறாரே என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.