பார்க்காமல் சொன்ன சொல்

நான் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அல்லிநகரத்தில் வீட்டுக்கு மாடி கட்டியபோது, சாரம் கட்ட என் தோட்டத்தில் வாழைக்கு முட்டுக் கொடுத்திருந்த சவுக்குக் கம்புகளையே கொடுத்தேன். கொத்தனார் செல்வம் என் பழைய மாணவர். "மண்ணுல நின்ன கம்பு, அடி இத்துப்போயிருக்குமே சார்?" என்றார். பார்க்காமலேயே, "எல்லாம் பாத்தாச்சு, ஏறுப்பா" என்றேன்.

மூன்றாம் நாள் கம்பு முறிந்து, கீழே விழுந்த செல்வத்துக்கு இடுப்பெலும்பு உடைந்தது. ஆஸ்பத்திரியில் அவர் மனைவி சொன்னார்: "வேற யாரு சொல்லியிருந்தாலும் தட்டிப் பாத்துட்டுத்தான் ஏறுவாக சார். நீங்க சொன்னீகன்னு அப்படியே ஏறிட்டாக."

இப்போது இரும்புச் சாரமும், விழாமல் பிடிக்கும் இடுப்புவாரும் வாடகைக்கு எடுத்திருக்கிறேன். தினமும் கொத்தனார்களே சோதித்த பிறகுதான் வேலை தொடங்குகிறது. நான் குறுக்கே பேசுவதில்லை. செல்வத்தைப் பார்க்கப் போனால், அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார்.