பிடிக்காத கதைக்குக் கொடுத்த குரல்

அவளுக்கு இத்தனை வருடமும் சோறு போட்டது தொண்டைதான். முதலில் பேருந்து நிலையத்தில் எந்த வண்டி எப்போது கிளம்பும் என்று அறிவித்துக்கொண்டிருந்தாள். பிறகு வங்கித் தொலைபேசியில் "ஒன்றை அழுத்தவும்" என்று சொன்னாள். அதன்பின் ஒலிப்புத்தகம் போடும் ஒரு நிறுவனம் அவளைக் கூப்பிட்டுக்கொண்டது. அங்கே பதிவு நடக்கும் அறை குளியலறை அளவுதான் இருக்கும். சுவரெல்லாம் பஞ்சு. மின்விசிறி போட்டால் சத்தம் பதிவாகிவிடும். வயிறு உறுமினாலும் அதே கதி, அந்தப் பத்தியை மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டும். அதனால் இரண்டு பிஸ்கட்டை வாயில் போட்டுக்கொண்டுதான் உள்ளே போவாள்.

அப்படி ஒரு நாள் கைக்கு வந்தது, கல்லூரிப் பிள்ளைகள் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடிய அந்தக் காதல் நாவல். கதாநாயகன் தான் காதலிக்கும் பெண் போகுமிடமெல்லாம் பின்னாலேயே போகிறான். அவளுடைய தோழிகளை ஒவ்வொருத்தியாக அவளிடமிருந்து பிரித்துவிடுகிறான். கோபம் வந்தால் அவள் போனைச் சுவரில் அடிக்கிறான். அவளோ, "என்னை இப்படிக் காக்க இந்த உலகத்தில் வேறு யார் இருக்கிறார்கள்" என்று உருகுகிறாள்.

படித்துக்கொண்டிருந்தவளுக்குப் பாதியிலேயே எரிச்சல் தாங்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த ஒலிப்பதிவாளரிடம் சொன்னாள்: "இவன் காதலனா, போலீஸ்காரனா தம்பி? நம்ம வீட்டுப் பொண்ணு பின்னாடி இப்படி ஒருத்தன் சுத்துனா சும்மா விடுவோமா?"

அவன் சிரித்தான். "எழுதுனவங்க எழுதிட்டாங்க, நமக்கென்னக்கா? அந்தக் கடைசி வரியில மட்டும் கொஞ்சம் ஏக்கம் சேருங்க. உங்களால முடியும்."

அவளால் முடிந்தது. "காக்க" என்ற சொல்லுக்கு முன்னால் மூச்சை ஒரு நொடி பிடித்து, குரலைத் தாழ்த்தி, கண்ணீர் எட்டிப் பார்ப்பதுபோல் சொன்னாள். அவன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான்.

ஒலிப்புத்தகம் பிய்த்துக்கொண்டு போனது. மருந்துக் கடையில் மாத்திரையின் பெயரைச் சொல்லிக் கேட்டால், பக்கத்தில் நிற்கும் பெண் திரும்பிப் பார்த்து, "நீங்கதானே அது?" என்பாள். கதையைப் பற்றி மனதுக்குள் ஆயிரம் திட்டினாலும் அந்தக் கேள்வி அவளுக்கு இனித்தது. அந்த இனிப்பை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

அவளுடைய அக்கா மகள் அதே ஊரில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். ஞாயிறானால் நீச்சல் குளத்திலிருந்து ஈரத் தலையோடு நேரே சித்தி வீட்டுக்குச் சாப்பிட வருவாள். சில வாரங்களாகத் தலை காய்ந்தே இருந்ததைச் சித்தி கவனித்தாள். கவனித்தும், பரீட்சை நேரம் போலிருக்கிறது என்று விட்டுவிட்டாள்.

ஒரு ஞாயிறு, சாப்பிட உட்கார்ந்ததும் அந்தப் பெண் போனை எடுத்துத் தட்டையும் சித்தியையும் சேர்த்துப் படம் பிடித்தாள்.

"யாருக்குடி இது?"

"அவனுக்குத்தான் சித்தி. எங்க இருக்கேன், யார் கூட இருக்கேன்னு அனுப்பணும். இல்லன்னா டென்ஷன் ஆயிடுவான்."

"நீச்சலுக்கு ஏன் போறதில்ல?"

"எல்லாரும் பாக்குறாங்கன்னு அவனுக்குப் பிடிக்கல." பிறகு கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்: "என்னை இப்படி... காக்க இந்த உலகத்தில் வேறு யார் இருக்கிறார்கள்." மூச்சைப் பிடித்த இடம், தாழ்ந்த குரல், எல்லாம் அச்சு அசல் சித்தியுடையது. "நீங்க சொன்னப்ப நான் அழுதே போயிட்டேன் சித்தி."

சித்தி கையிலெடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தாள். "எனக்கு அந்தக் கதை சுத்தமா பிடிக்காதும்மா. படிக்கும்போதே அவனைத் திட்டிக்கிட்டேதான் படிச்சேன்."

"பொய் சொல்லாதீங்க. பிடிக்காம யாராலயும் அப்படிப் படிக்க முடியாது."

"முடியும். அதுதானே என் தொழில்."

அந்தப் பெண் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்தாள். "அப்போ எங்க எல்லாரையும் ஏமாத்துனீங்களா?" என்று கேட்டுவிட்டு, கை கழுவிக்கொண்டு கிளம்பினாள். அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை.

அக்காவுக்குச் சொல்லலாமா என்று சித்தி போனைக் கையில் எடுத்து எடுத்து வைத்தாள். சொன்னால் படிப்பை நிறுத்திவிடுவாள் என்ற பயம் பாதி; "உன் குரலைக் கேட்டுத்தானே கெட்டா" என்பாளோ என்ற பயம் மீதி. எது பெரிய பாதி என்று அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

அந்த நாவலின் இரண்டாம் பாகத்தைப் படிக்கக் கூப்பிட்டார்கள். முடியாது என்றாள். பழைய பதிவில் சில இடங்களை மாற்றிப் படித்துத் தருகிறேன் என்று கெஞ்சிப் பார்த்தாள். நிர்வாகி, "அந்த இடத்துக்காகத்தாம்மா வாங்குறாங்க" என்றார்.

ஒரு மத்தியானம் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. அக்கா மகள் விடுதிச் சமையல்காரியின் போனிலிருந்து பேசினாள். "சித்தி, என் போனை உடைச்சிட்டான். விடுதி வாசல்ல நிக்கிறான். வெளிய வர பயமா இருக்கு."

டாக்ஸி பிடித்துப் போனாள். முரடனை எதிர்பார்த்துப் போனவளுக்கு அங்கே நின்றிருந்தவனைப் பார்த்ததும் என்னவோ போலாகிவிட்டது. மீசைகூடச் சரியாக முளைக்காத ஒல்லிப் பையன். சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தியிருந்தான்.

"நான் அவளோட சித்தி. அவளைக் கூட்டிட்டுப் போக வந்திருக்கேன். நீ வழியை விடு," என்றாள்.

அவன் முகம் மலர்ந்தது. "அக்கா, இந்தக் குரல்... நீங்கதானே அதைப் படிச்சது? நான் எத்தனை தடவை கேட்டிருக்கேன் தெரியுமா? அவதான் என்னைப் புரிஞ்சுக்க மாட்டேங்குறா. நீங்க சொல்லுங்கக்கா, நீங்க சொன்னா கேப்பா."

திட்ட வேண்டும் என்று வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் ஒன்றும் வெளியே வரவில்லை. அவனுக்கும் பாடம் சொல்லிக் கொடுத்தவள் அவள்தான். "அதெல்லாம் நிஜம் இல்லப்பா," என்றாள். "அவ பயந்துபோய் உள்ள உக்காந்திருக்கா. காதலிச்சா ஒருத்தி பயப்பட மாட்டா. போயிடு. இனி வந்தா வார்டன்கிட்டயும் உங்க அப்பாகிட்டயும் நான் பேச வேண்டியிருக்கும்."

அவன் புரியாமல் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். வார்டன் வெளியே வந்த பிறகுதான் நகர்ந்தான்.

அன்று மாலையே அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னாள், தன் பங்கையும் சேர்த்து. அக்கா திட்டினாள், அழுதாள், ஆனால் மகளின் படிப்பை நிறுத்தவில்லை. அந்தப் பையன் இன்னும் இரண்டு முறை வந்து பார்த்துவிட்டு, அப்புறம் வருவதை விட்டான். இரண்டாம் பாகத்தை வேறொருத்தி படித்தாள். அதுவும் நன்றாகவே விற்றது.

அக்கா மகள் இப்போது மறுபடி ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறாள். ஆனால் "நல்லா சாப்பிட்டியாம்மா" என்று சித்தியின் குரல் கொஞ்சம் குழைந்தால் போதும், நிமிர்ந்து பார்க்கிறாள். இது எந்தக் குரல் என்று தேடுவதுபோல ஒரு பார்வை. அதனால் சித்தி எதைக் கேட்டாலும், பேருந்து கிளம்பும் நேரத்தைச் சொல்வதுபோல ஏற்ற இறக்கமில்லாமல் கேட்கப் பழகிக்கொண்டாள்.