போண்டா எண்ணெயில் ஓடிய என்ஜின்

தை பிறந்து பத்து நாள் ஆகியிருந்தது. பேத்தமங்களாவில் ஒரு ஏக்கர் உருளைக்கிழங்கு பூவெடுத்து நின்றது. இன்னும் இரண்டு தண்ணி பாய்ந்தால் கிழங்கு பருக்கும். பாயாவிட்டால் கோலிக்குண்டாகவே மண்ணுக்குள் கிடக்கும். கிணற்றில் தண்ணீருக்குக் குறைவில்லை. கிணற்று மேட்டில் ஐந்து குதிரைசக்தி என்ஜின் ஒன்றும் இருந்தது. டீசல்தான் இல்லை.

நிலத்துக்காரர் தசரதன் கோலார் தங்கச் சுரங்கத்தில் பம்ப் ஃபிட்டர். இருபத்தாறு வருஷமாகப் பூமிக்கடியில் ஊறுகிற தண்ணீரை லெவல் லெவலாக மேலே தள்ளுவதுதான் அவர் வேலை. எத்தனை லட்சம் கேலன் தள்ளியிருப்பார் என்று அவருக்கே தெரியாது. அப்பேர்ப்பட்ட மனுஷன் இப்போது நாற்பதடிக் கிணற்றுத் தண்ணீரை வாய்க்காலுக்கு ஏற்ற வழியில்லாமல் நின்றார்.

நெஞ்சு வேறு சரியில்லை. தூசு தங்கிவிட்டது. ஆளிறக்குகிற கேஜிலிருந்து இறங்கி பம்ப் அறைக்குப் போகிற தூரத்துக்குள் இரண்டு முறை நின்று மூச்சு வாங்க வேண்டியிருந்தது. இந்த விளைச்சல் கைக்கு வந்தால் சித்திரையோடு வேலையை விட்டுவிடுவது, அப்புறம் சுரங்க ஷாஃப்ட் இருக்கிற திசையில் தலைவைத்தும் படுப்பதில்லை என்று அவரும் சரோஜம்மாவும் பேசி வைத்திருந்தார்கள். கிழங்கு போனால் இன்னும் ஒரு வருஷம் கீழே. அந்த ஒரு வருஷத்தைப் பற்றி டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை. சீட்டில் எழுதிக்கொண்டே, "பார்த்துக்குங்க" என்றார். அவ்வளவுதான்.

டீசலுக்குப் பஞ்சமான எழுபத்து நாலாம் வருஷம் அது. கோலாருக்குப் போய்ச் சீட்டு வாங்கி, அந்தச் சீட்டோடு பங்காருபேட்டை பெட்ரோல் பங்கில் பாதிநாள் நின்றால், ஐந்து லிட்டர் டீசல் கிடைப்பது அவரவர் அதிர்ஷ்டம். ஷிஃப்டை விட்டுவிட்டு எத்தனை நாள் நிற்பது? மூன்று தடவை நின்று இரண்டு லிட்டரோடு திரும்பிய அன்றுதான் தசரதனுக்குப் பழைய ஞாபகம் ஒன்று வந்தது. உலக யுத்த காலத்தில் ஓர் அரிசி மில்லில் புங்கெண்ணெய் ஊற்றி என்ஜின் ஓட்டியதை அவர் பார்த்திருக்கிறார். இப்போது புங்கெண்ணெயைச் சோப்புக்காரர்கள் விட்டுவைப்பதில்லை. ஆனால் பஜாரில் போண்டாக் கடைகள் இருக்கின்றனவே! சுட்டுச் சுட்டுக் கறுத்து, இனி வண்டி அச்சில் தடவத்தான் லாயக்கு என்று ஓரமாக வைக்கிற எண்ணெய். கேட்டால் சும்மாவே கொடுத்தார்கள்.

அதை அப்படியே ஊற்றினால் என்ஜின் இரண்டே நாளில் படுத்துவிடும் என்பது அவருக்குத் தெரியும். சுரங்கம் கொடுத்த லைன் வீட்டுக்குப் பின்னால் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டினார். இரண்டு நாள் அசையாமல் வைத்துத் தூளெல்லாம் அடியில் தங்கியபின் மேலெண்ணெயை இறுத்துக் காய்ச்சுவார். தண்ணீர் இருக்கிறவரை படபடவென்று வெடிக்கும். சத்தம் அடங்கினால் ஈரம் போயிற்று என்று அர்த்தம். ஆறவிட்டு, காஸ்டிக் சோடாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றி மெல்லக் கிண்டினால், கருகின எண்ணெயின் புளிப்பெல்லாம் சோப்புக் கூழாகத் திரண்டு அடிக்குப் போகும். மேலே நிற்பதை வெந்நீரில் இரண்டு தடவை கழுவி, மறுபடி காய்ச்சி, பழைய காக்கிச் சட்டையை நாலாக மடித்து வடிகட்டுவார். டீத்தண்ணி நிறத்தில் இறங்கும். அதோடு கொஞ்சம் மண்ணெண்ணெய்.

என்ஜினை டீசலில்தான் கிளப்ப வேண்டும். சூடேறியதும் குழாயைத் திருப்பி இந்த எண்ணெய்க்கு மாற்றலாம். சைலன்சரைச் சுற்றிச் செப்புக்குழாய் ஓட்டியிருந்தார், எண்ணெய் சூட்டில் இளகட்டும் என்று. நிறுத்துவதற்கு ஐந்து நிமிஷம் முன்னால் மறுபடி டீசலுக்கு வர வேண்டும். இல்லாவிட்டால் எண்ணெய் பீய்ச்சுகிற நாசிலில் பிசின் பிடித்துக்கொள்ளும். முதல்நாள் அதை மறந்துவிட்டு, மறுநாள் முழுக்க நாசிலைக் கழற்றி வைத்துக்கொண்டு ஊசியால் குத்திக்கொண்டிருந்தார்.

எப்படியோ ஒரு தண்ணி பாய்ந்துவிட்டது. இன்னும் ஒன்றே ஒன்றுதான்.

அதற்குள் அவர் குடியிருந்த சாம்பியன் ரீஃப் முழுக்கப் பேச்சு பரவிவிட்டது. வேறு ஊராயிருந்தால் பைத்தியம் என்றிருப்பார்கள். இந்த ஊரில் ஒருத்தன் வீட்டுப் பின்னால் டின்னை அடுப்பில் ஏற்றி, காரம் ஊற்றிக் கிண்டி, துணியில் வடிகட்டி, அடியில் தங்கினதைச் சுரண்டி எடுத்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான், திருட்டுக் கல்லில் பொன் பிரிக்கிறான். தாது அரைக்கிற மில்லில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிற இடத்தில் பொன்தூள் ஒட்டும் என்று வேலைக்காரர்கள் சொல்லக் கேட்டவர்கள், அந்தக் கணக்கையும் இதோடு சேர்த்து, எண்ணெயில்தான் விஷயம் என்று முடிவுகட்டிவிட்டார்கள்.

"இன்னா மாமா, தனியாவே சாப்புடுறீங்க?" என்றான் பக்கத்து வீட்டு இன்பராஜ்.

"போண்டா எண்ணெய்டா. என்ஜினுக்கு."

"நானும் அத்தானே சொல்றேன். என்ஜினுக்கு! எங்க வூட்டுக்கும் ஒரு என்ஜின் வாங்கலாம்னு கீறேன் மாமா. கல்லு மட்டும் எங்க கெடைக்கும்னு சொல்லுங்க."

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் சுரங்கக் காவல்காரர் பர்னபாஸ் இரண்டு ஆட்களோடு வந்தார். நல்ல மனுஷர், செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் சோதனை போட்டார். அரிசிப் பானை, தலையணை, அடுப்புச் சாம்பல் எல்லாவற்றையும் பார்த்தார். கடைசியில் டின்னின் அடிக்கூழை விரலால் வழித்து, குழாயடியில் தேய்த்தார். நுரை வந்தது.

"நெசமாவே இதானா தசரதன்?"

"இதான் சார்."

"சே!" என்றார் பர்னபாஸ். அவருக்கே ஏமாற்றம். போகிறபோது தெருவில் நின்று, "ஒண்ணும் இல்ல, போங்க போங்க, சோப்பு" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் போனார்.

அதற்கும் இன்பராஜ் வியாக்கியானம் சொன்னான். "வரும்போது சார் மூஞ்சி எப்படி இருந்துச்சு? போவும்போது எப்படி இருந்துச்சு? அவ்ளோதான், அதுக்குமேல நான் இன்னா சொல்றது!"

மறுநாளிலிருந்து தசரதனுக்கு எண்ணெய் கிடைக்கவில்லை. ஒரு கடையில் எண்ணெய் கொட்டிப்போச்சு என்றார்கள். இன்னொரு கடையில் மச்சான் எடுத்துக்கொண்டு போனானாம். கேன்டீன்காரன் உண்மையையே சொன்னான்: "இத்தினி நாள் தெரியாம குடுத்துட்டேன் அண்ணே." ஷிஃப்ட் முடிந்து கடை கடையாக ஏறி இறங்கி, வெறும் டின்னோடு வீட்டுக்கு வருகிறபோது தசரதனுக்குக் கோபம்கூட வரவில்லை. உட்கார்ந்தால் போதும் என்றிருந்தது. நிலத்திலிருந்து வந்த சரோஜம்மா, இலை மத்தியானத்தில் தொங்கிப்போகிறது என்றாள்.

மாரிகுப்பத்தில் ரத்தினம்மா கடை மிச்சமிருந்தது. புருஷன் சுரங்கத்தில் பாறை வெடித்துச் செத்தபிறகு வடைச்சட்டியை நம்பி ஒரே மகள் பத்மாவை வளர்த்தவள். அவள் தசரதனைப் பார்த்ததும் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள்.

"ரெண்டு சின்ன டின் கீது அண்ணே. பொங்கலுக்கு முன்னாலேருந்து சேத்தது. எத்தினியோ பேரு கேட்டாங்க, குடுக்கல."

"குடு ரத்தினம்மா. கிழங்கு எடுத்ததும் ஒரு மூட்டை உனக்கு."

"கிழங்கு கெடக்குது. பத்மாவுக்கு மாசியில தாலி. குண்டுமணி அளவு போதும் அண்ணே. அதுக்குமேல கேட்டன்னா என் நாக்கு அழுவிப்போவட்டும்."

"அம்மா, சத்தியமாத் தங்கம் இல்ல. இது என்ஜினுக்கு."

"சரி சரி, இல்ல. நான் கேக்கவும் இல்ல, நீங்க சொல்லவும் இல்ல" என்று அவள் கண்ணைக் காட்டினாள். பக்கத்தில் ஒருவன் டீ குடித்துக்கொண்டிருந்தான்.

வீட்டில் இதைச் சொன்னதும் சரோஜம்மா முறத்தைக் கீழே வைத்தாள். "ஆவட்டும்னு ஒரு வார்த்தை சொல்லி வாங்கினு வர்றதுதானே? அப்புறம் வரலன்னா வரல."

"அவ பொண்ணு தாலிக்குக் கேக்கிறா சரோஜா."

"நான் உங்க நெஞ்சுக்குக் கேக்கிறேன்."

மறுநாள் ரத்தினம்மாவிடம் போய், பொய் சொல்ல வராமல், அதே உண்மையை மறுபடி சொன்னார். அவள் ஒரு யோசனை சொன்னாள்: எண்ணெயைத் தருகிறேன், ஆனால் கூடவே உட்கார்ந்து கண்ணால் பார்ப்பேன், வந்தால் வந்தது, வராவிட்டால் என் தலையெழுத்து. தசரதன் ஒத்துக்கொண்டார். உண்மையைச் சொல்லியாகிவிட்டது, இனி அவள் பாடு என்று நினைத்தார். ஆனால் அவள் காதில் அது ஏறவேயில்லை என்பதும் அவருக்குத் தெரியும்.

இரண்டு நாள் கடையை மூடிவிட்டு ரத்தினம்மா அடுப்படியில் குந்தியிருந்தாள். எண்ணெய் வெடிக்கும்போது முகத்தைத் திருப்பவில்லை. சோப்புக் கூழ் திரண்டதும் எழுந்தே விட்டாள்.

"மஞ்சளா கீதே!"

"சோப்பு."

"சோப்புதான், சோப்புதான்" என்று அதை ஒரு கிண்ணத்தில் வழித்து முந்தானையால் மூடி வைத்துக்கொண்டாள். சாயங்காலம் எண்ணெய் வடிந்து முடிந்தபோது வடிகட்டின துணியைப் பிரித்து, வெளிச்சத்தில் பிடித்து, மடிப்பு மடிப்பாகப் பார்த்தாள்.

"எப்பண்ணே பிரியும்?"

"பிரியாது ரத்தினம்மா. நாளைக்கு இது என்ஜினுக்குள்ள போவும். புகையாப் போவும்."

"ஓ! என்ஜினுக்குள்ளதானா?" என்றாள் அவள். தசரதன் வாயைத் திறந்தார். இருமல்தான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் மூன்று பேரும் போனார்கள். ஒரு டின் தசரதன் காலடியில், ஒன்று ரத்தினம்மா மடியில். பேத்தமங்களாவில் இறங்கி அரைமைல் நடப்பதற்குள் தசரதன் நாலு இடத்தில் நின்றார். செடிகள் தரையோடு சாய்ந்து கிடந்தன. சரோஜம்மா மம்பட்டியோடு மடை திருப்பப் போனாள். என்ஜின் டீசலில் கிளம்பி, சூடேறி, குழாயைத் திருப்பியதும் ஒரு தடவை விக்கிவிட்டு எண்ணெயை இழுத்துக்கொண்டு ஓட ஆரம்பித்தது. தண்ணீர் தொட்டியில் வந்து விழுந்தது.

ரத்தினம்மா என்ஜினைச் சுற்றிச் சுற்றி வந்தாள். அடியில் குனிந்து பார்த்தாள். புகைபோக்கிக்கு அருகில் வந்ததும் அவள் முகத்தில் சிரிப்பு வந்தது.

"ஐயே, என் கடை வாசனை! மசால்வடை, அண்ணே!"

அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றது. புகைக்கு எதிராக உள்ளங்கையைக் காட்டினாள். கை கறுப்பானது. அதைத் தேய்த்துப் பார்த்தாள், முகர்ந்து பார்த்தாள். பிறகு நடந்துபோய் இரண்டாவது டின்னின்மேல் உட்கார்ந்துவிட்டாள். மாசம் முழுக்கச் சேர்த்தது ஊதா நிறமாக வேப்பமரத்துக்கு மேலே போய்க்கொண்டிருந்ததை மத்தியானம்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். அழுதாளா என்று தசரதன் பார்க்கவில்லை. பார்க்கத் தெம்பில்லை. தான் திருடவில்லை என்பது அவருக்குத் தெரிந்தும், திருடினவன் மாதிரி என்ஜின் பக்கமே திரும்பி நின்றுகொண்டிருந்தார்.

பன்னிரண்டு மணிக்கு முதல் டின் தீர்ந்தது. பாதி நிலம் கறுத்து நனைந்திருந்தது. மறுபாதி வெளுத்துக் கிடந்தது. "இந்தப் பக்கம் இன்னும் ஒரு சொட்டு வரல!" என்று சரோஜம்மா தூரத்திலிருந்து கத்தினாள். இரண்டாவது டின்மேல் ரத்தினம்மா உட்கார்ந்திருக்கிறாள். எழுந்திரு என்று எப்படிச் சொல்வது? தசரதன் குழாயை டீசலுக்குத் திருப்பினார். ஐந்து நிமிஷம் ஓடட்டும், நிறுத்திவிடலாம். பாதி வந்தால் பாதி. இன்னொரு வருஷம் கேஜில் இறங்க வேண்டியதுதான்.

வாசனை மாறியதை ரத்தினம்மாவின் மூக்கு கண்டுபிடித்துவிட்டது. "ஏன் அண்ணே, இன்னா ஆச்சு?"

"நிறுத்தறேன்மா. எண்ணெய் தீந்துபோச்சு."

"அந்தப் பக்கம் காஞ்சு கெடக்குதே!"

அவள் அந்தப் பாதியைப் பார்த்தாள்.

"நெசமாவே ஒண்ணும் இல்லையா? ஒரு பொட்டுகூட?"

"இல்லம்மா."

"மொதல்லேயே சொன்னீங்க, நான்தான்..." என்று ஆரம்பித்தவள் முடிக்காமல் எழுந்தாள். புடவையை உதறிக்கொண்டு டின்னைக் காலால் அவர் பக்கம் தள்ளினாள். "ஊத்துங்க. காரம் போட்டுத் தொலைச்சத இனிமே வடை சுடவா முடியும்?"

தசரதன் டின்னைத் தூக்கினார். அவளே வந்து புனலைப் பிடித்துக்கொண்டாள். எண்ணெய் இறங்குகிறவரை இரண்டு பேரும் அந்தத் தாரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தாலிக்கு இன்னா பண்ணுவ?" என்று கேட்டார். கேட்டிருக்க வேண்டாம் என்று உடனே தோன்றியது.

"மஞ்சக்கெழங்கு கீதே. கயித்துல கோத்துக் கட்டினா தாலி இல்லன்னுடுவாங்களா?"

குழாயைத் திருப்பினார். என்ஜின் விக்கி, நிமிர்ந்து, வடை வாசனையோடு ஓடியது. ரத்தினம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, சரோஜம்மாவிடம் சொல்லிக்கொள்ளாமலே, வரப்பில் ஏறி பஸ் ரோட்டுப் பக்கம் நடந்தாள். நாளை காலைக் கடைக்குப் பருப்பு ஊறப்போட வேண்டும்.

நாலு மணி சுமாருக்குத் தண்ணீர் கடைசிப் பாத்திக்குப் போய்ச் சேர்ந்தது. "வந்துடுச்சு!" என்று சரோஜம்மா மம்பட்டியைத் தூக்கிக் காட்டினாள். தசரதனும் பதிலுக்குக் கையைத் தூக்க நினைத்தார். டீசலுக்குத் திருப்பி, ஐந்து நிமிஷம் எண்ணிவிட்டு என்ஜினை நிறுத்தினார். காதில் சத்தம் அடங்க வெகுநேரம் பிடித்தது. கிணற்றுச் சுவரில் சாய்ந்து, சித்திரை முடிய இன்னும் எத்தனை ஷிஃப்ட் என்று விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார். எழுபதைத் தாண்டியாயிற்று. அதற்குள் இருமல் வந்து விட்ட இடம் மறந்துபோயிற்று. மறுபடி எண்ணவில்லை.