ஒன்பதாம் இலக்கச் செருப்பு

மழைக்குக்கூடப் பள்ளிக்கூடப் பக்கம் ஒதுங்காதவன் நான். தொண்ணூறுகளின் கடைசியில் துணுக்காயில் சைக்கிளில் செருப்பு விற்றுத்தான் எங்கள் வீட்டு அடுப்பு எரிந்தது. ஒருமுறை வவுனியாக் கடையில் ஒன்பதாம் இலக்கச் செருப்பைப் போட்டுப் பார்த்தேன். காலுக்குச் சுகமாக இருந்தது. உடனே மூட்டை முழுக்க அதையே கட்டிக்கொண்டு வந்து, பள்ளிக்கூட வாசலில் விரித்தேன். ஒரு பிள்ளைக்கும் அளவில்லை.

கணக்கு டீச்சர் சிரித்துவிட்டார்.

"அண்ணை, உங்கட காலை வச்சோ ஊருக்குச் செருப்பு வாங்கினீங்கள்? உள்ளுக்கு வாங்கோ."

மாமரத்தடியில் ஏழாம் வகுப்பு இருந்தது. நான் ஒவ்வொரு காலாக அளந்து இலக்கம் சொல்ல, பிள்ளைகள் அதை மணலில் எழுதினார்கள்.

"எந்த இலக்கம் கூடத் தரம் வந்திருக்கு?"

"நாலு, டீச்சர்!"

"ஆகக்கூடின தரம் வாற எண்ணுக்குக் கணக்கில பேர் ஆகாரம். அண்ணை, அடுத்தமுறை நாலைக் கொண்டாங்கோ."

"ஓம் டீச்சர். இனி என்ர காலை வீட்டில விட்டிட்டுப் போறன்."

வகுப்பே சிரித்தது. ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. மணலில் ஒரேயொரு தரம் வந்திருந்த இரண்டு, அவளுடைய கால்.

"அப்ப எனக்குக் கொண்டுவர மாட்டீங்களோ, மாமா?"



அடுத்த மூட்டையில் நாலாம் இலக்கம் நிறைந்திருந்தது. அடியில் ஒரு சோடி இரண்டாம் இலக்கம். விற்காத ஒன்பதுகளை நானே வருஷக்கணக்காகப் போட்டுத் தேய்த்தேன்.

இப்போது கடை வைத்திருக்கிறேன். கூடுதலாக விற்கிற அளவைத்தான் முன்னால் அடுக்குவேன். ஆனால் உள்ளே ஒரு சோடி இரண்டாம் இலக்கம் எப்போதும் இருக்கும்.