முட்டையை அடைகாத்த பால்வாடி

ரெண்டு வயசுப் பிள்ளைக்குச் சோறு ஊட்டணும்னா முதல்ல பொறுமை வேணும்ங்க, அது தீர்ந்துபோச்சுன்னா கதை வேணும், சோறெல்லாம் அதுக்கு அப்புறம்தான். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவுல, ஹைவேஸ்லேர்ந்து உள்ளே தள்ளி இருக்கிற ஒரு ஊர்ல நான் பால்வாடி டீச்சர். காலையில பவுடர் போட்டுக்கினு போறவ, மத்தியானம் தலையில பருப்பு சாதத்தோடவும் முந்தானையில மஞ்சக்கருவோடவும் திரும்புவேன். உங்க வீட்ல சின்னப் பிள்ளை இருந்தா நீங்களும் என் கட்சிதான். சம்பளம் மட்டும்தான் வித்தியாசம். அதுவும் பெரிய வித்தியாசம் இல்ல.

தக்காளி படம்

எங்க பால்வாடியில தர்ஷினின்னு ஒரு பொண்ணு. ரெண்டரை வயசு. கண்ணு ரெண்டும் பெருசு, மத்ததெல்லாம் சின்னது. மாசாமாசம் அவளை எடை மிஷின்ல நிக்க வெப்பேன். வயசுக்கு ஏத்த எடை இல்ல, மாசத்துக்கு மாசம் இறங்கிக்கினே வேற இருந்துச்சு. இன்னும் இறங்கினா பெரியாஸ்பத்திரியில சேர்க்கணும்னு நர்சம்மா சொல்லிட்டாங்க.

அவ அம்மா கலைவாணிக்கு விழுப்புரத்துல ஒரு ஜவுளிக்கடையில வேலை. பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்துல பிள்ளையை விட்டுட்டு, அது கையில ஒரு பாக்கெட்டையும் திணிச்சிட்டு ஓடுவா. பாக்கெட்டுக்குள்ள ரோஸ் கலர்ல சுருள் சுருளா என்னமோ இருக்கும். தொட்டா விரலெல்லாம் சாயம். ஒருநாள் மறிச்சு, "ஏம்மா, வீட்ல காய்கறி எதாச்சும் குடுத்துப் பாரேன்"னு கேட்டேன். அந்தப் பக்கம் பஸ்காரன் ஹாரன் அடிக்கிறான். ஓடிக்கினே திரும்பிச் சொன்னா: "காய்கறிதான் டீச்சர் குடுக்கறேன், பாக்கெட்டு மேல தக்காளி படம் போட்டிருக்கான், பாருங்க!"

கொழுத்தது யாரு

சரி, சத்துமாவாவது உள்ளே போகட்டும்னு வீட்டுக்குப் பாக்கெட்டா குடுத்து அனுப்பிச்சேன். ஒரு மாசம் ஆச்சு, தர்ஷினி அப்படியே இருக்கா. என்னடா இதுன்னு நேரா வீட்டுக்கே போனேன். வாசல்ல ஒரு வெள்ளாட்டுக் குட்டி கட்டியிருந்துச்சு. அடேங்கப்பா, என்னா பளபளப்பு, என்னா வயிறு! மூஞ்சி பூரா மாவு வேற.

தர்ஷினியோட அப்பா பாபு ஷேர் ஆட்டோ ஓட்டறவரு. நான் குட்டியையே முறைச்சிக்கினு நிக்கறதைப் பார்த்தாரு. ஒளிப்பாருன்னு நெனச்சேன். மனுஷனுக்கு ஒரே பெருமை. "பாப்பா வேணாம்னு துப்பிடுச்சு, வீணாக்கக் கூடாதில்ல?"ன்னு ஆரம்பிச்சு, குட்டி முதுகைத் தட்டிக்குடுத்துக்கினே எனக்கு ஒரு சர்டிபிகேட்டும் குடுத்தாரு: "உங்க மாவு நல்ல மாவு டீச்சர், இந்தக் குட்டிக்கு ஒருநாள்கூட கழிச்சல் கண்டதில்ல!"

அடை வெச்ச அன்னிக்கு

இனிமே பால்வாடியில நானே பார்த்துக்கறேன்னு முடிவு பண்ணேன். தர்ஷினி வாயில வெக்கிற ஒரே உருப்படி முட்டைதான். அதுலயும் மஞ்சக்கருவை மட்டும் நக்கிட்டு மிச்சத்தை வெச்சிடுவா. முழுசா தின்ன வெக்கணுமேன்னு பிள்ளைங்களுக்கு அவிச்ச முட்டை குடுக்கற நாளாப் பார்த்து ஒரு கதை எடுத்து விட்டேன். ஒரு கோழி, அது முட்டை மேல உக்காந்து உக்காந்து சூடு குடுக்குதாம், உள்ளே ஒரு குஞ்சு 'கீச் கீச்'னு அம்மாவைக் கூப்பிடுதாம். கை ரெண்டையும் றெக்கை மாதிரி அடிச்சிக்கினு நடிச்சே காட்டினேன். பிள்ளைங்க கண் கொட்டல. நமக்கும் இவ்ளோ திறமை இருக்கான்னு எனக்கே ஒரு மிதப்பு.

அப்புறம் முட்டையைக் குடுத்தா, ஒண்ணுகூட வாயில வெக்கல. தர்ஷினி முட்டையைத் தரையில வெச்சா, கவுனை விரிச்சா, பைய அது மேல குந்திக்கினா. அவளைப் பார்த்து மத்ததுங்களும் குந்திடுச்சு. "எழுந்திருடி தங்கம்"னு தூக்கப் போனா, "குஞ்சு அழும்"னு அவ அழறா. தின்னுக்கினு இருந்த ஒண்ணையும் நானே கெடுத்துட்டேனேன்னு எனக்கே அழுகை முட்டிக்கினு வந்துச்சு. அந்த நேரம் பார்த்துத்தானா சூப்பர்வைசர் மேடம் வந்து எறங்கணும்! வாசப்படியிலேயே நின்னு, வரிசையா அடைகாக்கிற பிள்ளைங்களைப் பார்த்தாங்க, என்னைப் பார்த்தாங்க. அப்புறம் ரொம்ப அமைதியா கேட்டாங்க: "டீச்சர், இன்னிக்கு முட்டை குடுத்தாச்சுன்னு எழுதட்டுமா, அடை வெச்சாச்சுன்னு எழுதட்டுமா?"

காலி வீடு

அடுத்தவாட்டி முட்டை குடுக்கற அன்னிக்கு எனக்குக் காலையிலேர்ந்தே பேஜாரு. சமையலுக்கு இருக்கிற செல்விதான் தைரியம் சொன்னா. அவ பதவிக்குப் பேரு ஆயா, வயசு என்னைவிடக் கம்மி. "உரிச்சுக் காட்டிடலாம் டீச்சர், இன்னா ஆவுதோ ஆவட்டும்"னு தர்ஷினி எதிர்லயே ஓட்டை உடைச்சு, முட்டையை ரெண்டாப் பிட்டுக் காட்டினா. தர்ஷினி எட்டி எட்டிப் பார்த்தா. குஞ்சு இல்ல. உதடு பிதுங்குது. ஐயோ, போச்சுடான்னு நெனச்சேன்.

திடீர்னு அவளே, "அம்மாகிட்ட போயிச்சு"ன்னா. நான் விடுவேனா? "ஆமாண்டி கண்ணு! அம்மாகிட்டப் போகும்போது இதை தர்ஷினிக்குக் குடுங்கன்னு சொல்லிட்டுப் போச்சு!" அவ்ளோதான், மஞ்சளும் வெள்ளையும் சேர்த்து முழுசா தின்னா. அன்னிலேர்ந்து முருங்கைக்கீரை சாதம்கூட, குஞ்சு அனுப்பிச்சதுன்னா உள்ளே போகுது. அந்த மொத நாள், தின்னு முடிச்சதும் வாயைத் துடைச்சிவிடும்போது என் கன்னத்தைப் பிடிச்சுத் திருப்பிக் கேட்டா: "குஞ்சு நாளைக்கும் குடுக்குமா டீச்சர்?"

போன்ல ஏத்தின கோழி

எடை ஏறிச்சுங்க. மெதுவாத்தான், ஆனா ஏறிச்சு. பெரியாஸ்பத்திரி இப்ப வேணாம்னு நர்சம்மா சொன்னதும் கலைவாணி எடை மிஷின் பக்கத்துலயே உக்காந்து அழுதுட்டா. எனக்கும் தாங்கல. கண்ணைத் துடைச்சிக்கினு அவ மொதல்ல கேட்டது என்ன தெரியுமா? "அந்தக் கதையை வாட்ஸ்அப்ல அனுப்பிடுங்க டீச்சர், நைட்டு போன்ல போட்டுவிட்டு ஊட்டிடறேன்."

எனக்குச் சுர்ருனு ஏறிச்சு. "ஏன், உனக்கு வாயில்லையா? நீயே சொல்றது!"ன்னேன். அவ கோச்சிக்கல. செருப்பை மாட்டிக்கினே சொன்னா: "நாள் பூரா நின்னுக்கினு 'வாங்கக்கா, பாருங்கக்கா'ன்னு பேசி, வீட்டுக்கு வந்தா பேச்சே வர்றதில்ல டீச்சர்... எனக்கு யாரும் கதை சொன்னதும் இல்ல, மொதல்லேர்ந்து ஒருவாட்டி சொல்லுங்களேன், அந்தக் குஞ்சு எங்கதான் போச்சு?"

ஆக, என் உத்தியோகம் பால்குடி மறந்த பிள்ளைங்களோட முடிஞ்சிடணும்னாலும், இப்பல்லாம் சாயங்காலத்துல பஸ் ஸ்டாப்புல நின்னுக்கினு, வேலை முடிஞ்சு எறங்கற கலைவாணிக்கு, கல்யாணமான பொம்பளைக்கு, றெக்கை அடிச்சுக் காட்டிக்கினு இருக்கேன், அவளுக்கு முட்டை குடுக்கத்தான் ஆர்டர் வரல.